கதிரையில் தொழுதவர்

“நாரி எப்படி நானா?” என்று இடுப்பு நோவுள்ள ஒருவரை வழியில் யாராவது கேட்டால் அது ஒரு மரியாதைக்குக் கேட்பது. கேட்டவன் பதிலுக்கு நிற்பதில்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் தங்கள் பாட்டில் போய்விடலாம். எங்கள் கல்பிட்டிப் பக்கத்தில் அதுதான் வழக்கம். நான் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற ஒருவரிடம் மட்டும் இந்த வழக்கம் சரிவராது. கேட்டவனை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு கையை முதுகின் அடியில் வைத்து, கொஞ்சம் யோசித்துப் பார்த்து, “இண்டைக்கு கால்வாசி” என்பார். இன்னொரு நாள், “அரைவாசிக்கு ஒரு சொட்டுக் கூட” என்பார். கேட்டவன் எதற்கடா வாயைத் திறந்தோம் என்று நிற்பான்.

முழு நோவு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நாளிலும் முக்கால்வாசியைத் தாண்டவில்லை. நான் சும்மா இருக்கிற ஆளா? ஏன் நானா, அந்தக் கடைசிக் கால்வாசியையும் சேர்த்துச் சொன்னால் என்ன, யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“முழுசு எப்படி இருக்கும் எண்டு நான் இன்னும் பார்க்கல்ல தம்பி. பார்க்காததை எப்படிச் சொல்ற?”

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் பழைய கதை தெரியாது என்று கேள்வி. அவரைக் கேட்டால் பெயரைப் போடத்தான் சொல்வார், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் அவர் இல்லை. கண்டக்குழி, கல்பிட்டிப் பக்கம் இருபது வருஷமாக த்ரீவீலர் ஓட்டுகிற, வாய் கொஞ்சம் நீண்ட ஒரு மனிதன். அவ்வளவுதான்.

அவர் நல்ல உயரமான ஆள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இறங்கியவர்களில் ஒருவர். புத்தளத்தில் ஓர் உப்பளத்தில் மூட்டை சுமந்தார். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், தலையில் மூட்டையோடு வரம்பில் வழுக்கி விழுந்தார். நாரி அன்றைக்குப் போனதுதான். கூட வேலை செய்த நாலு பேர் நல்ல மனசோடு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் நியாயம் கேட்கப் போனார்கள். வரம்பு உடைந்து கிடந்தது, பல நாளாகச் சொல்லியும் கட்டித் தரவில்லை, அதனால்தான் இந்த மனிதன் விழுந்தான் என்று கதைத்தார்கள். முதலாளியும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காரியம் பழுத்து வருகிற நேரம் பார்த்து இவர் வாயைத் திறந்தார். வரம்பு உடைந்திருந்தது மெய்தான், ஆனால் நான் செருப்போடு ஏறினேன், செருப்போடு ஏற வேண்டாம் என்று காலையில்தான் மேஸ்திரி சொன்னார் என்றார். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். ராத்தா, அதாவது அவருடைய மனைவி, இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லையாம். நானாக இருந்தால் இரண்டு மாதம் கதைத்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் குடும்பத்தோடு எங்கள் பக்கம் வந்தார். நிற்பார், நடப்பார். நாள் முழுக்க நில் என்றாலும் நிற்பார். குனிவதுதான் ஏலாது. நிலத்தில் இருந்தால் எழும்பவும் ஏலாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கதிரையில் தொழ மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. பள்ளியில் கடைசி வரிசையின் ஓரத்தில் அவருக்கென்று ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். அதிலும் அவருக்கு ஒரு கணக்கு. நிற்க வேண்டிய இடத்தில் எல்லாரையும் போல நின்றுதான் தொழுவார். குனிகிற இடம் வந்தால் மட்டும் கதிரையில் இருப்பார். ஆனால் அவர் நிற்பதை யார் பார்க்கிறார்கள்? முன்னால் இருக்கிறவர்கள் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது அவர் கதிரையில்தான் இருப்பார். ஊர் அவரைக் கதிரையில் தொழுகிற மனிதர் என்றே அறிந்துவைத்திருந்தது. இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு ஊரே வழுக்கி விழும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நோன்பு மாதத்தில் நடந்தது இது. பகல் நேரம், அவருடைய வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மறைந்து குடிக்கவும் இல்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் அந்தப் பக்கமாகப் போனவர் கண்டுவிட்டார். மரைக்கார் பண்பான மனிதர். பரவாயில்லை, நோயாளிக்கு நோன்பை விட அனுமதி இருக்கிறது, உங்கள் நாரிக்கு மருந்து மாத்திரை எல்லாம் குடிக்க வேண்டும்தானே என்று அவரே காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. இவர் மறுத்துவிட்டார்.

“நோவுக்கு விடல்ல மரைக்கார். பசிச்சிச்சி, விட்டன்.”

மரைக்கார் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போய்விட்டார். இவர் பெருநாள் முடிந்த கையோடு அந்த ஒரு நோன்பைத் தனியாகப் பிடித்து, கழாச் செய்து ஈடுகட்டினார். பசித்துவிட்டது என்று சொன்ன மனிதர், ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் பசியோடு நின்றார். நான் அன்றைக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி என் வண்டியில் ஹயர் போன எல்லாரையும் சிரிக்க வைத்தேன். சிரிப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பயமும் எனக்குள் இருந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்கிற பயம்.

மாதத்துக்கு ஒருமுறை அவரை கிளினிக்குக் கொண்டுபோவது நான்தான். பின் சீற்றில் முழுதாக இருக்க மாட்டார். முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றபடி வருவார். எங்கள் ரோட்டில் பள்ளத்துக்கும் குறைவில்லை, நடு ரோட்டில் நின்று யோசிக்கிற கழுதைகளுக்கும் குறைவில்லை. சில்லு பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்னாலிருந்து தீர்ப்பு வரும். இது ரோட்டின் பிழை, இது உங்கள் பிழை, இது கழுதையின் பிழை, அதற்கும் அரைவாசிதான் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் தருவார். வேறு ஆளாக இருந்தால் இறக்கிவிட்டுப் போயிருப்பேன். அவரோடு எனக்குக் கோபமே வந்ததில்லை, ஏனென்றால் அவர் சொன்ன பிழை என்னுடையதாகத்தான் இருக்கும்.

கண்டக்குழியில் ஒரு தென்னந்தோட்டத்தில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. நிற்கிற வேலை, அவருக்குப் பொருத்தம். காட்டுப்பன்றியை விரட்ட, லைசன் உள்ள ஒரு துவக்கு தோட்டத்துக் குடிலில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு லொட்ஜ். கடலில் பட்டம் விட்டு விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டியது. அதன் முதலாளி கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நிறைய ஹயர் தந்தவர்.

கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் வீசுகிற காலம். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில், அந்த முதலாளிக்கு வெடி விழுந்தது. பின்னாலிருந்து, தொடையில், சன்னம் சன்னமாக. “ஆள் விழுந்திட்டார், வந்து தூக்குங்க” என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து யாரோ சத்தம் போட்டதைக் கேட்டுத்தான் லொட்ஜ் ஆட்கள் ஓடி வந்தார்கள். சுட்டதை ஒருவரும் காணவில்லை. முதலாளி உயிருக்குத் தப்பிவிட்டார், ஆனால் கால் பழைய கால் ஆகவில்லை. எங்கள் நானா தோட்டத்திலிருந்து நடந்தே பொலிசுக்குப் போய், நான்தான் சுட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஏன் சுட்டாய் என்று கேட்டதற்கு, அதைக் கோட்டில் நீதிபதி கேட்டால் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அவர் சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லத் தொடங்கியது.

கடற்கரைக்குப் போகிற பாதையை லொட்ஜ்காரர் அடைத்தார், அதுதான் காரணம் என்றார்கள் படகுக்காரர்கள். லொட்ஜில் பியர் விற்கிறார்கள், அது பொறுக்கவில்லை என்றார்கள் சிலர். அகதியாக வந்த ஆட்களின் புத்தி அப்படித்தான் என்றார்கள் எங்கள் ஆட்களிலேயே சிலர், இருபத்தைந்து வருஷமாக அப்படி வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு. தோட்டத்து முதலாளி சொல்லித்தான் சுட்டார் என்று சலூனில் ஒரு கதை. பன்றிக்கு வைத்த வெடி என்று தேத்தண்ணீர்க் கடையில் ஒரு கதை. கொழும்பிலிருந்து கெமராவோடு ஆட்கள் வந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பிடித்து, ஏன் சுட்டார், ஏன் சுட்டார் என்று கேட்டார்கள். என்னையும் பிடித்தார்கள். மாதாமாதம் கிளினிக்குக் கொண்டுபோன ஆள் நான் அல்லவா? வாய் சும்மா இருக்குமா? நாரி நோவு தாங்க முடியாமல் மூளை கலங்கிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது. வந்த பிறகு எனக்கே அது உண்மை போல இருந்தது.

அல்லாஹ், அது ஓடின ஓட்டம்! முதுகுவலியால் மதிகெட்ட காவலாளி என்று பேப்பரில் வந்தது. எவ்வளவு காலம் வலித்தால் ஒரு மனிதன் துவக்கைத் தூக்குவான் என்று முகப்புத்தகத்தில் பெரிய பெரிய படித்தவர்கள் சண்டை பிடித்தார்கள். அவர் குடித்த மாத்திரையின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் எழுதினார். அது தலையிடி மாத்திரை. எங்கள் ஊரில் நாரி பிடித்த ஆட்களின் பாடு அந்த மாதங்களில் பெரும்பாடாகப் போனது. மீன் வெட்டுகிற ஒருவர் நாரியைப் பிடித்துக்கொண்டு “உஸ்” என்றால் போதும், மனைவி கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாளாம். இதற்கெல்லாம் நான் சிரித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிரிப்பு நின்றது ராத்தா என் வீட்டுக்கு வந்த நாளில். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

“நீ சொன்ன கதையால அவரைப் பைத்தியம் எண்டு நாடே சொல்லுது. அதுக்கு உன்னக் கேக்க வரல்ல. அவரு வெளிய வாறதுக்கு இன்னொரு கதை சொல்லோணும். அதத்தான் கேக்க வந்த.”

லோயர் பிடித்திருந்தார்கள். கெட்டிக்கார லோயர். பொலிசில் சொன்னது கோட்டில் செல்லாது, சுட்டதைக் கண்ட சாட்சி இல்லை, குடிலுக்குப் பூட்டும் இல்லை, யாரும் துவக்கை எடுத்திருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு ஆணி அடித்தால் போதும். கதிரையில் தொழுகிற மனிதனால் நின்றுகொண்டு துவக்குப் பிடிக்க முடியுமா? வருஷக்கணக்காக அவர் கதிரையில்தான் தொழுகிறார் என்று பள்ளி நிர்வாகம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அஸருக்குப் பிறகு அவர் எழும்பக்கூட முடியாமல் இருந்தார், என் த்ரீவீலரில்தான் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும்.

கடிதம் எழுத ஊரில் ஒருவரும் தயங்கவில்லை. நேற்றுவரை நோவால்தான் சுட்டார் என்றவர்கள், இன்றைக்கு நோவால் சுடவே முடியாது என்று கையெழுத்து வைத்தார்கள். மரைக்கார் முதல் ஆளாக வைத்தார். பொய் என்று நினைத்து அவர்கள் வைக்கவில்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது கண்ட கதிரையை நம்பி வைத்தார்கள்.

என் பங்கு அப்படியில்லை. அன்றைக்கு மத்தியானம் அவரைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டவன் நான். நல்லாக நடந்து போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. என்றாலும் ராத்தாவின் முகத்தைப் பார்த்தபோது, மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று ஒரு வீரம் வேறு.

வழக்குக்கு முன்னால் விளக்கமறியலில் அவரைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நேராக நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நான் கதிரையில் தொழுவது உண்மைதானே, எழுதட்டும் என்றார். என் சாட்சியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது சந்தோஷம் என்றார். எனக்கு அது சம்மதமாகத்தான் பட்டது. போகிற நேரத்தில் ஆசை விடவில்லை. உண்மையில் ஏன் நானா சுட்டீர்கள், எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

“சொன்னா நீங்க வெளிய போய்ச் சொல்லுவீங்க தம்பி. சொல்லக்குள்ள கொஞ்சம் கூடிப் போகும். அதுதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று பட்டது.

வழக்கு நாளன்று புத்தளம் கோட்டில் எங்கள் ஊர் பாதி வந்து நின்றது. லொட்ஜ் முதலாளி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் முதலே சாட்சி சொல்லியிருந்தார். யார் சுட்டது என்று காணவில்லை, என்ன காரணத்துக்கு என்றும் தெரியாது என்பதுதான் அவருடைய சாட்சி. அதோடு வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று லோயர் என் தோளில் தட்டினார். கடிதத்தை வழக்குக் கோவையில் சேர்த்திருந்தார்கள். அடுத்தது நான். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பிச் சாட்சிக் கூட்டுக்குப் போனேன். ஏறி நின்று உண்மை சொல்வேன் என்று உறுதி சொல்ல வேண்டும். ஒரு படியில் கால் வைத்துவிட்டேன்.

“ஐயா, நான் ஒண்டு சொல்லோணும்.”

எதிரிக் கூட்டிலிருந்து நானாவின் குரல். லோயர் பாய்ந்து போய்க் கையைக் காட்டி அடக்கப் பார்த்தார். நீதிபதி என்னை நிறுத்திவிட்டு அவரைப் பேசச் சொன்னார். மொழிபெயர்க்கிற முதலியார் பக்கத்தில் வந்து நின்றார். இவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்லி, முதலியார் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்து, அடுத்ததைச் சொன்னார். சுட்டது நான்தான் என்றார். கோட்டில் ஒரு இரைச்சல் எழும்பி அடங்கியது. நீதிபதி கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் கதிரையில்தான் தொழுகிறீர்கள் என்று உங்கள் பள்ளியே எழுதியிருக்கிறதே, பிறகு எப்படி நின்று சுட்டீர்கள் என்றார்.

“கதிரையில தொழுற உண்மை ஐயா. குனிய ஏலாததாலதான் கதிரை. துவக்கு நிண்டுகொண்டு சுடுற சாமான்.”

பின்னால் மரைக்கார் “யா அல்லாஹ்” என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்படியென்றால் ஏன் சுட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். இத்தனை மாதமாக ஒரு நாடே கேட்ட கேள்வி. ஒரு மனிதர் மட்டும்தான் பதிலை வைத்திருந்தார். அவர் அதைக் கிளினிக்கில் நோயைச் சொல்வது போலத்தான் சொன்னார். அன்றைக்குக் காற்று அவருடைய தொப்பியைப் பறித்துக்கொண்டுபோய் வேலியடியில் போட்டது. குனிய ஏலாது, அதனால் தடியால் எடுக்கப் பார்த்தார். தடி பட்டதும் காற்று இழுத்துக்கொண்டு போகும். பின்னால் போவார், மறுபடியும் இழுக்கும். கொஞ்ச நேரம் இப்படியே போனது. லொட்ஜ் முதலாளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் பூமரத்துக்குத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். இவ்வளவுதான். பாதையும் இல்லை, பியரும் இல்லை. ஒரு தொப்பியும் ஒரு சிரிப்பும்.

நீதிபதி நல்ல மனிதர். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, நாட்பட்ட நோவோடு இருந்த ஒருவரை, அவருடைய இயலாமையைப் பார்த்துச் சிரித்ததால் வந்த ஆத்திரம் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். லோயருக்கு முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. தண்டனை அரைவாசியாகக் குறையக்கூடிய கேள்வி அது. ராத்தா கையிரண்டையும் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம், ஆமாம் என்று ஒரு சொல். அதைத்தான் எல்லாரும் காத்திருந்தோம்.

“அப்படி எழுதினாச் சரிவராது ஐயா. அவர் சிரிச்சிட்டுத் திரும்பிட்டார். அதுக்குப் பிறகுதான் நான் குடிலுக்குப் போய்த் துவக்க எடுத்த. குடில் முப்பது கவடு தூரம். போகக்குள்ள விட்டிருக்கலாம். வரக்குள்ளயும் விட்டிருக்கலாம். விடல்ல. நோவு எனக்கு அஞ்சு வருசமா இருக்கு. அஞ்சு வருசமும் நான் ஆரையும் சுடல்ல. நோவோட எத்தினையோ பேர் இருக்காங்க, அவங்கட பேரையும் கெடுக்க வாணாம். எனக்குக் கோவம் வந்திச்சி. நான் சுட்டன்.”

முதலியார் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்போது அவருடைய குரலே தேய்ந்துவிட்டது. அவர் செய்தது பாவம். திரும்பி நின்ற மனிதனைப் பின்னாலிருந்து சுட்டது. அதை நான் ஒருநாளும் சின்னதாக்க மாட்டேன். அவரும் ஆக்கவில்லையே. ஆனால் தன் பாவத்தில் ஒரு குன்றிமணி அளவைக்கூட இன்னொருவர் தலையிலோ, தன் முதுகின் தலையிலோ வைக்காமல், முழுதாகத் தானே தூக்கிக்கொண்டு நின்ற ஒரு மனிதனை என் ஆயுசில் நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

நீதிபதி லொட்ஜ் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தெரியாது என்று முதலே சொன்ன ஆள். நினைவில்லை என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். வேறு யாரும் கண்டதில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல எழும்பினார். கூட்டில் நின்ற இவரைப் பார்த்தார். “ஒவ் சேர், மம ஹினா வுணா” என்றார். ஓம், நான் சிரித்தேன் என்று முதலியார் தமிழில் சொன்னார். சொல்லியிருக்கத் தேவையில்லை, எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. முதலாளியின் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுட்டவர் உண்மை சொல்லிவிட்டார். சுடுபட்டவரும் சொல்லிவிட்டார். அந்தக் கோட்டில் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றது நான் ஒருவன்தான். நீதிபதி என்னைப் பார்த்து, இனி உங்கள் சாட்சி தேவையில்லை, போய் இருங்கள் என்றார். கூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

சிறைதான். லோயர் பயந்த அளவுக்கு நீளமில்லை, ராத்தா தாங்கக்கூடிய அளவுக்குக் குறைவுமில்லை. விலங்கு போட்டு வெளியே கொண்டுவந்தபோது ராத்தாவும் மகளும் அவரிடம் ஓடினார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ராத்தா அழுதார். அழுதுகொண்டே அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்து விட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை என்பது மட்டும் பிறகு ராத்தா சொல்லி எனக்குத் தெரியும்.

நான் தூணோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பொலிஸ்காரனிடம் ஒரு நிமிஷம் கேட்டு என் பக்கம் வந்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்காகத்தானே நானா சொல்ல வந்தேன், இப்படிக் கவிழ்த்துவிட்டீர்களே என்று என்னவோ முணுமுணுத்தேன். கோபமா, வெட்கமா, இரண்டும்தான்.

“தெரியும் தம்பி. உங்களக் கூட்டுல ஏற விட்டிருந்தா, நான் ரெண்டு பேரச் சுட்ட ஆளாப் போயிருப்பன்.”

சொல்லிவிட்டு, விலங்கு போட்ட இரண்டு கையாலும் என் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, நேராக நடந்து போனார்.